மழைக்கு முன், ஒரே கிழமையில், எல்லா வீட்டிலும்
ஆடு மாடுகளைப் புழுவிலிருந்தும் உண்ணியிலிருந்தும் காத்தல்

(மீள்குடியேறிய கிராமங்களின் கால்நடை வளர்ப்போருக்கான விழிப்புணர்வுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பாலைக் கறந்து கொடுத்து, பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் அனுப்பி, அதற்குப் பிறகு இவ்வளவு தூரம் நடந்து வந்திருக்கிறீர்கள். உங்கள் நேரத்தை வீணாக்க மாட்டேன்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் கால்நடை வைத்தியர் அல்ல. வைத்தியர்கள் சொல்லுகிறவற்றை எல்லோருக்கும் விளங்குகிற மாதிரி எழுதிக் கொடுப்பதும் பேசுவதும்தான் எனது வேலை. ஆகையால் எந்த மருந்து, எத்தனை மில்லிலீற்றர் என்று இன்றைக்கு நான் சொல்லப் போவதில்லை. அதை உங்கள் மிருகத்தைப் பார்த்து அரச கால்நடை வைத்தியரோ, கால்நடை அபிவிருத்தி உத்தியோகத்தரோதான் சொல்ல வேண்டும். எப்போது செய்ய வேண்டும், ஏன் அப்போது செய்ய வேண்டும், வீட்டில் நாங்களே எவற்றைக் கவனிக்கலாம் என்பவற்றைப் பற்றி மட்டும் பேசுவோம்.

இப்போது ஆவணி நடக்கிறது. ஐப்பசியில் மாரி மழை தொடங்கிவிடும். இடையில் இருக்கிற இந்தச் சில கிழமைகள்தான் ஆடு மாடு வளர்ப்பவர்களுக்கு ஆண்டின் மிக முக்கியமான காலம். மழை பிடித்து, ஆடு விழுந்த பிறகு மருந்துக்கு ஓடுவதை விட இப்போது செய்வது செலவும் குறைவு, பலனும் அதிகம்.

எங்கள் ஊர்களில் ஏன் கூடுதல் கவனம் வேண்டும்?

புழுவும் உண்ணியும் எல்லா ஊரிலும் உண்டு. ஆனால் மீள்குடியேறிய கிராமங்களில் மூன்று காரணங்களால் ஆபத்துக் கூடுதலாக இருக்கிறது.

ஒன்று, மேய்ச்சல் நிலம் சுருங்கிவிட்டது. மிதிவெடி அகற்றப்படாத காணிகளுக்குள் மாடுகளை விட முடியாது. அதனால் வெடி அகற்றி முடிந்த வெளியிலும், வீதியோரத்திலும், குளக்கரையிலும் ஊரிலுள்ள மாடு ஆடு எல்லாம் ஒன்றாக நின்று மேய்கின்றன. ஒரே இடத்தில் நாள்தோறும் சாணமும் புழுக்கையும் விழுகின்றன. அதே இடத்துப் புல்லையே மறுபடியும் தின்கின்றன. புழுவுக்கு இதைவிட வசதி வேறு இல்லை. இந்த இடத்தில் ஒன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். அந்தப் பக்கம் புல் செழிப்பாக இருக்கிறதென்று எச்சரிக்கை நாடாவையோ மண்டையோட்டுப் பலகையையோ தாண்டி மாட்டைச் சாய்க்க வேண்டாம். மாடு தானாகப் போனாலும் பின்னால் போக வேண்டாம். கிராம அலுவலருக்கும் வெடி அகற்றும் பிரிவினருக்கும் அறிவியுங்கள்.

இரண்டாவது, எங்கள் மிருகங்கள் பல இடங்களிலிருந்து வந்தவை. சிலருக்கு இடம்பெயர்ந்தபோது விட்டுப் போன மாடுகளில் ஒன்றிரண்டு திரும்பக் கிடைத்தன. சிலருக்கு வாழ்வாதார உதவியாக வேறு மாவட்டங்களிலிருந்து ஆடுகளும் கறவைப் பசுக்களும் கிடைத்தன. சிலர் கடன்பட்டு வாங்கினார்கள். ஒவ்வொன்றும் தான் இருந்த இடத்துப் புழுவையும் உண்ணியையும் கொண்டுவருகிறது. இங்கே இருக்கிற நோய்க்கு அதன் உடம்பு பழக்கப்பட்டிருக்கவும் இல்லை.

மூன்றாவது, கொட்டில்கள் இன்னும் சரியாக அமையவில்லை. தறப்பாளுக்குக் கீழே, ஈரத் தரையில், அரை வயிற்றுடன் மாரியைக் கழிக்கிற ஆட்டுக்குப் புழுவைத் தாங்கும் சக்தி இல்லை.

பெண்கள் தலைமை தாங்குகிற எத்தனையோ குடும்பங்களுக்கு இன்றைக்கு இருக்கிற சொத்து இரண்டு மூன்று மறி ஆடுகள்தான். அதில் ஒன்று குட்டித்தாச்சியாக இருக்கும்போது செத்தால் மூன்று உயிர் போன மாதிரி. பிள்ளையின் கொப்பிக்கும் சப்பாத்துக்கும் என்று வைத்திருந்த காசும் அதோடு போய்விடும்.

புழு எங்கே இருக்கிறது?

ஆட்டின் வயிற்றில் இருக்கிறது என்று சொல்வீர்கள். சரிதான். ஆனால் அதைவிடப் பல மடங்கு வெளியே, புல்லில் இருக்கிறது.

ஆடு, செம்மறி, மாடு ஆகியவற்றின் இரைப்பையில் இரத்தம் உறிஞ்சுகிற ஒரு வகைப் புழு இருக்கிறது. நூல் மாதிரி மெல்லியது. ஒரு பெண் புழு நாளொன்றுக்கு 5,000க்கு மேல் முட்டையிடும். முட்டைகள் புழுக்கையோடு வெளியே வருகின்றன. சூடும் ஈரமும் இருந்தால் ஒரு கிழமைக்குள்ளேயே முட்டை பொரித்து, குஞ்சுப் புழு வளர்ந்து, ஈரப் புல்லில் ஏறி நிற்கும். கண்ணுக்குத் தெரியாது. ஆடு அந்தப் புல்லைத் தின்றால் ஏறக்குறைய மூன்று கிழமையில் அதுவும் வளர்ந்து முட்டையிடத் தொடங்கும்.

கோடையில் எங்கள் வெயில் நல்ல வைத்தியர். காய்ந்த தரையில் குஞ்சுப் புழுக்கள் பெருமளவில் செத்துவிடும். ஆகவே ஆவணி, புரட்டாதியில் மிஞ்சியிருக்கிற புழுக்களில் பெரும்பகுதி மிருகத்தின் வயிற்றுக்குள்தான் ஒளிந்திருக்கும். மழை வந்ததும் அவை முட்டையைக் கொட்டி, மேய்ச்சல் வெளி முழுவதையும் நிரப்பிவிடும். மழைக்கு முன் மருந்து கொடுக்கச் சொல்வதன் காரணம் இதுதான். இப்போது வயிற்றில் இருக்கிறதைக் கொன்றால் மாரிக்குப் புல்லில் விதைப்பதற்கு ஆள் குறைவு.

இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள். எல்லோருடைய ஆடும் ஒரே வெளியில்தான் மேய்கிறது. நான் மருந்து கொடுத்து, பக்கத்து வீட்டார் கொடுக்காவிட்டால், அந்த வீட்டு ஆடு போடுகிற முட்டையை ஒரு கிழமையில் என் ஆடு தின்னும். நான் செலவழித்த காசு பெரும்பாலும் வீண். அதனால்தான் ஊர் முழுவதும் ஒரே கிழமையில் செய்யுங்கள் என்று கேட்கிறோம்.

எப்படிக் கண்டுபிடிப்பது?

கழிச்சல் வந்தால்தான் புழு என்று பலர் நினைக்கிறார்கள். இரத்தம் உறிஞ்சும் புழுவுக்கு அநேகமாகக் கழிச்சல் இருக்காது. புழுக்கை நன்றாகவே இருக்கும், ஆடு உள்ளே வெளிறிக்கொண்டு போகும். ஒரு புழு நாளொன்றுக்கு 0.05 மில்லிலீற்றர் இரத்தம் குடிக்கும். கேட்கச் சிறிதாகத்தான் இருக்கிறது. ஆனால் 1,000 புழு இருந்தால் 50 மில்லிலீற்றர். மூன்று நாளில் ஒரு தேநீர்க் கோப்பை. 20 கிலோ ஆட்டின் உடம்பில் மொத்தமாக இருக்கிற இரத்தமே ஒன்றேகால் லீற்றர் அளவுதான்.

ஆகவே கண்ணைப் பாருங்கள். ஆட்டின் கீழ் இமையை மெதுவாக இழுத்து, உள்பக்க நிறத்தைப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். நல்ல சிவப்பாகவோ கடும் இளஞ்சிவப்பாகவோ இருந்தால் பயமில்லை. வெளிறிய இளஞ்சிவப்பு என்றால் கவனிக்க வேண்டும். வெள்ளையாக இருந்தால் அன்றைக்கே வைத்தியரிடம் சொல்ல வேண்டும். தாடைக்குக் கீழே நீர்ப்பை மாதிரி வீக்கம், மந்தைக்குப் பின்னால் தள்ளாடி வருதல், மயிர் சிலிர்த்து நிற்றல் ஆகியவையும் அடையாளங்கள். மாரியில் கிழமைக்கு ஒரு தடவை, உதாரணமாக ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும், எல்லா ஆட்டின் கண்ணையும் பார்க்கிற பழக்கத்தை வைத்துக்கொள்ளுங்கள். சிறு பிள்ளைகளும் இதைச் செய்வார்கள்.

செம்மறி வைத்திருக்கிறவர்கள் இன்னும் கவனமாக இருங்கள். வெள்ளாடு மேலே எட்டிக் குழை தின்னும். செம்மறி தரையோடு ஒட்ட மேயும். குஞ்சுப் புழு அதிகம் இருப்பது புல்லின் அடியில்தான்.

பருவத்துக்குப் பருவம் என்ன செய்வது?

ஆவணி, புரட்டாதி. ஊர் முழுவதற்கும் முதல் மருந்து இப்போது. கொட்டிலைத் திருத்துங்கள். ஆட்டுக்கு நிலத்திலிருந்து இரண்டு மூன்று அடி உயரத்தில் பலகையாலோ கம்பாலோ பரண் போட்டால் புழுக்கை கீழே விழுந்துவிடும், ஆடு ஈரத்தில் படுக்காது. எருவைக் கொட்டிலுக்குள் வைக்காமல் தள்ளிக் குவித்து மூடி வையுங்கள். குவியலின் உட்சூட்டில் முட்டைகள் சாகும், தோட்டத்துக்கும் நல்ல பசளை கிடைக்கும்.

ஐப்பசி முதல் மார்கழி வரை. விடியற்காலையில் பனியும் ஈரமும் இருக்கும்போது குஞ்சுப் புழு புல்லின் மேல் ஏறி நிற்கும். வெயில் ஏறிப் புல் காய்ந்த பிறகு அவிழ்த்து விடுங்கள். தொடர்ந்து மழை பெய்கிற நாட்களில் கொட்டிலிலேயே கட்டி, கிளிசரியா, பூவரசு, முள்முருங்கை, பலா போன்ற குழைகளை ஒடித்துக் கட்டித் தொங்க விடுங்கள். தரையில் போட்டால் மிதித்து அழுக்காக்கிவிடும். புல்லைத் தரையோடு ஒட்ட மேய விடாமல் இடத்தை மாற்றி மாற்றிக் கட்டுங்கள். இந்தக் காலத்தில் எல்லா ஆட்டுக்கும் திரும்பத் திரும்ப மருந்து கொடுக்க வேண்டாம். கண் வெளிறியவற்றை வைத்தியருக்குக் காட்டிக் கொடுத்தால் போதும். தேவையில்லாமல் கொடுத்துக்கொண்டே இருந்தால் புழு மருந்துக்குப் பழகிவிடும். பிறகு எந்த மருந்தும் கேட்காது.

தை, மாசி. மழை ஓய்ந்ததும் இரண்டாவது முறை மருந்து. மாரி முழுவதும் தின்று சேர்த்த புழுவை இறக்குவதற்கு இது. இதையும் ஊரோடு சேர்ந்து செய்யுங்கள்.

பங்குனி முதல் ஆடி வரை. வெயில் காலம் என்று முழுவதும் ஓய்ந்துவிடக் கூடாது. குளம் வற்ற வற்ற, நீர் இறங்கிய இடத்தில் பச்சைப் புல் வரும். வேறு எங்கும் புல் இல்லாததால் மாடுகளும் எருமைகளும் அங்கேதான் போகும். அந்த இடத்தில் சிறு நத்தைகள் இருக்கும். இரைப்பையில் ஒட்டுகிற தட்டைப் புழு அந்த நத்தைக்குள் வளர்ந்து, வெளியே வந்து புல்லில் ஒட்டிக்கொள்ளும். அதைத் தின்ற மாட்டுக்கு, முக்கியமாக இளம் மாடுகளுக்கு, நாற்றமான கழிச்சல் வந்து மெலியும். சாதாரணப் புழு மருந்து பல இந்தத் தட்டைப் புழுவுக்கு வேலை செய்யாது. மருந்து கொடுத்தோம், சுகம் வரவில்லை என்று விட்டுவிடாமல், புதுச் சாணத்தில் கொஞ்சத்தைச் சுத்தமான பொலித்தீன் பையில் கட்டி அன்றைக்கே கால்நடை வைத்திய அலுவலகத்துக்குக் கொண்டுபோங்கள். சோதித்து, ஏற்ற மருந்தைச் சொல்வார்கள்.

கன்றுகளுக்குப் பருவம் கிடையாது, பிறந்த நாள்தான் கணக்கு. எருமைக் கன்றுக்கும் பசுக்கன்றுக்கும் தாயின் பாலோடேயே ஒரு பெரிய உருண்டைப் புழு வருகிறது. கன்றுக்கு வெள்ளையாய் நாற்றத்துடன் கழியும், வயிறு ஊதும், சில சாகும். கன்று பிறந்து இரண்டு கிழமை ஆனதும் அலுவலகத்துக்குச் சொல்லுங்கள், மூன்று கிழமைக்குள் மருந்து கொடுத்துவிட வேண்டும். இந்தப் புழுவுக்குப் பயந்து சீம்பாலைக் கொடுக்காமல் விட வேண்டாம். சீம்பால் குடிக்காத கன்று வேறு நோயில் சாகும்.

திடீரென்று கால் இழுக்கும் ஆடு

நேற்றுவரை துள்ளித் திரிந்த ஆடு இன்று பின்னங்காலை இழுக்கிறது, அல்லது கழுத்தை ஒரு பக்கம் திருப்பிக்கொண்டு நிற்கிறது. தீனும் தின்கிறது, காய்ச்சலும் இல்லை. இலங்கையில் ஆடு வளர்ப்பவர்கள் நன்றாக அறிந்த நோய் இது. கண்ணூறு என்றும் செய்வினை என்றும் சொல்லிக் காலத்தைக் கடத்துகிறோம்.

இதற்கும் காரணம் ஒரு புழுதான். அந்தப் புழு மாட்டின் வயிற்றறைக்குள் மாட்டுக்குக் கெடுதல் செய்யாமல் வாழ்கிறது. அதன் நுண்ணிய குஞ்சுகள் மாட்டின் இரத்தத்தில் ஓடும். மாட்டைக் குடித்த நுளம்பு பிறகு ஆட்டைக் குத்தும்போது அவை ஆட்டுக்குள் போய், வழிதவறி மூளையையும் முள்ளந்தண்டையும் தாக்குகின்றன. மாரியோடு நுளம்பு பெருகுவதால் அந்தக் காலத்தில் கூடுதல் கவனம் வேண்டும். இது ஒரு ஆட்டிலிருந்து இன்னொரு ஆட்டுக்கு நேரே தொற்றாது.

செய்ய வேண்டியவை மூன்று. இரவில் ஆட்டையும் மாட்டையும் ஒரே கொட்டிலில் கட்ட வேண்டாம். பொழுதுபடும் நேரத்தில் வேப்பிலை போட்டுப் புகை மூட்டுங்கள், முடிந்தால் ஆட்டுக் கொட்டிலுக்கு நுளம்பு வலை அடியுங்கள், சுற்றிலும் தண்ணீர் தேங்கவிட வேண்டாம். கால் இழுக்கிறது என்று கண்டால் அன்றைக்கே வைத்தியருக்கு அறிவியுங்கள். உடனே மருந்து கிடைத்தால் பிழைக்க வாய்ப்பு இருக்கிறது. படுத்துவிட்ட பிறகு கடினம்.

உண்ணி

முட்டைக்குத் தயாரான பெண் உண்ணி இரத்தம் குடித்துக் கொழுத்து, மாட்டிலிருந்து விழுந்து, தரை வெடிப்பிலோ சுவர் இடுக்கிலோ 2,000க்கு மேல் முட்டையிட்டுச் சாகும். ஆகவே உண்ணியைப் பிடுங்கி நிலத்தில் போடுவது விதைப்பதற்குச் சமம். ஒரு பழைய தகர டப்பாவில் கொஞ்சம் மண்ணெண்ணெய் விட்டு, பிடுங்குவதையெல்லாம் அதற்குள் போடுங்கள். காதுக்குள், வாலடியில், மடியில், தொடை இடுக்கில் தேடுங்கள். கொட்டிலின் வெடிப்புகளைச் சாணமும் மண்ணும் குழைத்துப் பூசி அடையுங்கள்.

எங்கள் ஊர் மாடு சிறு வயதிலிருந்தே உண்ணியோடு வளர்ந்தது, ஓரளவு தாங்கும். உதவியாகக் கிடைத்த கலப்பினப் பசுக்கள் அப்படியல்ல. உண்ணிக் காய்ச்சல் வந்தால் காய்ச்சல் காயும், தீன் எடுக்காது, பால் திடீரெனக் குறையும், சிறுநீர் சிவப்பாகவோ கோப்பி நிறத்திலோ போகும். சிவந்த சிறுநீரைக் கண்டால் நாளைக்குப் பார்க்கலாம் என்று இருக்க வேண்டாம். அது ஒரே நாளில் பசுவைக் கொண்டுபோகக்கூடிய நோய்.

செய்யக் கூடாதவை

வயலுக்கு அடிக்கிற பூச்சிநாசினியைக் கரைத்து மாட்டைக் குளிப்பாட்டக் கூடாது. மாடும் சாகலாம், குளிப்பாட்டுகிறவருக்கும் ஆபத்து, பாலிலும் நஞ்சு சேரும். கழிவு எண்ணெயும் பூசக் கூடாது.

மருந்தைக் குத்துமதிப்பாகக் கொடுக்கக் கூடாது. குறைவாகக் கொடுத்தால் புழு சாகாமல் பழகிவிடும். கூடினால் சில மருந்துகள் மிருகத்தையே கொல்லும். நெல் நிறுக்கிற தராசில் சாக்கால் தூக்கி ஆட்டை நிறுங்கள். மாட்டுக்கு நெஞ்சுச் சுற்றளவை அளந்தால் உத்தியோகத்தர் எடையைக் கணக்கிட்டுச் சொல்வார்.

குட்டித்தாச்சி ஆடு, கன்றுத்தாச்சி மாடு என்றால் மருந்து வாங்கும்போதே சொல்லுங்கள். சில மருந்துகள் ஆரம்ப மாதங்களில் கருவைப் பாதிக்கும். கறவை மாடு என்றால், மருந்து கொடுத்து எத்தனை நாளுக்குப் பால் எடுக்கக் கூடாது என்று கேட்டு எழுதி வையுங்கள். மருந்துக்கு மருந்து அது வேறுபடும். இறைச்சிக்கு விற்பதற்கும் அப்படியே.

பருக்கும்போது தலையை அண்ணாந்து பிடிக்கக் கூடாது. மருந்து நுரையீரலுக்குள் போய்விடும். தலையைச் சாதாரண உயரத்தில் பிடித்து, ஊசி கழற்றிய சிறிஞ்சைக் கடைவாயில் வைத்து மெதுவாக விடுங்கள். இருமினால் நிறுத்துங்கள்.

புதிதாக வந்த மிருகத்தை நேரே மந்தையோடு சேர்க்கக் கூடாது. இரண்டு கிழமை தனியே கட்டி, உண்ணி பார்த்து, மருந்து கொடுத்துச் சேருங்கள். இன்னொன்று, கால்வாய் நோய்க்குப் போட்ட தடுப்பூசி புழுவுக்கு உதவாது. ஊசி போட்டாயிற்று என்று புழு மருந்தை விட்டுவிட வேண்டாம்.

இன்றைக்குத் தீர்மானிக்க வேண்டியது

கூட்டம் முடிந்து எழும்புவதற்கு முன் மூன்று விஷயத்தை முடிவெடுப்போம். முதலாவது, புரட்டாதியில் எந்தக் கிழமை என்று நாள் குறிப்பது. இரண்டாவது, வீடு வீடாக எத்தனை மாடு, எத்தனை ஆடு, எத்தனை தாச்சி, எத்தனை கன்று என்று பட்டியல் எடுப்பதற்கு ஒவ்வொரு ஒழுங்கைக்கும் ஒருவரைத் தெரிவு செய்வது. பட்டியல் கையில் இருந்தால் கால்நடை வைத்திய அலுவலகத்தில் மருந்தையும் உத்தியோகத்தரையும் ஊருக்குக் கேட்பது சுலபம். மூன்றாவது, மருந்துக்குக் காசு இல்லாத வீடுகளையும், தனியே இருக்கிற முதியவர்களின் வீடுகளையும் கால்நடை வளர்ப்போர் சங்கம் எப்படிச் சேர்த்துக்கொள்வது என்பது. அந்த வீட்டு ஆடும் இதே வெளியில்தான் மேய்கிறது. அதை விட்டுவிட்டு மற்ற வீடுகள் மட்டும் செய்தால் எல்லோருக்கும்தான் நட்டம்.

பட்டியல் எடுப்பதற்கான தாள்களைக் கொண்டுவந்திருக்கிறேன். ஒழுங்கைக்கு ஒன்றாக எடுத்துக்கொள்ளுங்கள். கேள்விகள் இருந்தால் இப்போது கேட்கலாம். எனக்குத் தெரியாததைக் குறித்துக்கொண்டு வைத்தியரிடம் கேட்டு வந்து சொல்கிறேன்.